கிளம்பியபின் விமானம் ரத்தானால்

கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளி போக மூன்று மணி நேரமாவது வேண்டும். மே மாதம் அத்திப்பள்ளி சுங்கச்சாவடியில், மடியில் மாம்பழக் கூடையோடு நிற்கையில் ‘ரத்து’ என்று குறுஞ்செய்தி வந்தது.

அவசரப்பட்டு ‘பணம் திரும்ப’ பட்டனை அழுத்தாதீர்கள். நான் அழுத்தினேன், புது டிக்கெட் இரண்டு மடங்கு விலை! மாற்று விமானம் கேட்பதும் உங்கள் உரிமைதான்.

செய்தியை நேரம் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். விமானம் புறப்பட 24 மணி நேரம்கூட இல்லாதபோது நிறுவனம் ரத்தைச் சொன்னால் இழப்பீடும் கேட்கலாம், பறக்கும் நேரத்தைப் பொறுத்து 10,000 ரூபாய் வரை. மழை, பனிமூட்டம் என்றால் கிடைக்காது. அதனால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். அப்புறம், டிக்கெட் பதிவில் டிராவல்ஸ்காரர் போன் எண் வேண்டாம், உங்கள் எண்ணே இருக்கட்டும். நிறுவனத்திடமிருந்து பதில் வராவிட்டால், விமானப் பயணிகளுக்கான அரசின் புகார் தளமான ஏர்சேவாவில் புகார் போடுங்கள்.

மாம்பழத்தை ஓசூர் அத்தை வீட்டில் கொடுத்துவிட்டேன்.