கார்சோம்ப்: வேகத்தை விற்று அடி வாங்க வேண்டாம்

போகிமான் போட்டிகளில் கார்சோம்பை வைத்துத் தோற்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். அதன் அடிப்படை எண்களைப் பார்த்ததும் 130 என்ற தாக்குதலில் கண் நின்றுவிடுகிறது. அந்த வரிசையின் கடைசியில் இருக்கும் 102 என்ற வேகம் மனதில் பதிவதில்லை. 2006இல் டைமண்ட், பேர்ல் விளையாட்டுகளோடு வந்த இந்த டிராகனை இத்தனை காலம் தாங்கிப் பிடித்திருப்பது அந்த 102தான் என்பது என் உறுதியான கருத்து. கீழே சொல்லும் தவறுகளில் பல, அந்த எண்ணை மறந்ததால் வருபவை.

அடிப்படை வேகம் 100 கொண்ட போகிமான்கள் ஒரு பெரும் கூட்டம். சாரிசார்ட், சாலமென்ஸ், வோல்கரோனா, ஜாப்டோஸ் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. கார்சோம்ப் அவற்றைவிட இரண்டே புள்ளி முன்னால் நிற்கிறது. 50ஆம் நிலையில், வேகத்தில் 252 இவி புள்ளிகளும் (பயிற்சியால் சேரும் புள்ளிகள்) வேகத்தைப் பத்து சதவீதம் கூட்டும் ஜாலி நேச்சரும் (இயல்பு) கொடுத்தால் அதன் வேகம் 169. அதே முதலீட்டில் 100 வேகக் கூட்டம் 167இல் நிற்கும். இப்போது ஜாலியை எடுத்துவிட்டு, கூடுதல் தாக்குதலுக்காக அடமன்ட் நேச்சர் கொடுத்துப் பாருங்கள். வேகம் 154க்கு இறங்கிவிடும். நீங்கள் முந்திக்கொண்டிருந்த அத்தனை பேரும் இப்போது உங்களுக்கு முன் அடிப்பார்கள். தாக்குதலில் கிடைக்கும் பத்து சதவீதம் இந்த இழப்புக்கு ஈடாகாது. அடிக்கும் முன்பே விழுந்துவிட்டால் அந்தப் பத்து சதவீதம் யாருக்குப் பயன்?

ஒரு விதிவிலக்கு உண்டு. கையில் சாய்ஸ் ஸ்கார்ஃப் என்ற பொருள் இருந்தால் வேகம் ஒன்றரை மடங்காகிறது. அடமன்ட்டிலேயே 231 வந்துவிடும். மிக வேகமான போகிமான்களில் ஒன்றான டிராகபல்ட்கூட முழு முதலீட்டில் 213தான். அப்போது அடமன்ட் நியாயமான தேர்வு. ஆனால் ஸ்கார்ஃப் உங்களை ஒரே மூவில் (தாக்குதல் முறையில்) கட்டிப்போடும். நில வகை மூவான எர்த்குவேக்கில் சிக்கிக்கொண்டால், எதிராளி அது தொட முடியாத பறக்கும் வகை ஒன்றை ஒரு கீறல்கூட இல்லாமல் உள்ளே கொண்டுவருவார்.

அடுத்தது பனி. டிராகனும் நிலமும் சேர்ந்திருப்பதால் பனி வகைத் தாக்குதல் கார்சோம்ப் மீது நான்கு மடங்காக விழுகிறது. இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பலர் ஐஸ் பீம் ஒன்றை மட்டும் நினைத்துப் பயப்படுகிறார்கள். என் அனுபவத்தில் கார்சோம்பை அதிகம் சாய்ப்பவை ஐஸ் ஷார்டும் ஐஸி விண்டும்தான். ஐஸ் ஷார்டு முன்னுரிமை மூவ், அதாவது வேகத்தைப் பார்க்காமல் முதலில் விழுவது. 80 வேகம் மட்டுமே உள்ள மாமோஸ்வைன்கூட அதை வைத்து உங்களை முந்திவிடும். நீங்கள் பாடுபட்டுச் சேர்த்த 169 அங்கே செல்லாது. ஐஸி விண்டின் சக்தி வெறும் 55. ஆனால் நான்கு மடங்கில் அது 220க்குச் சமம். தப்பிப் பிழைத்தாலும் உங்கள் வேகம் ஒரு படி குறைந்திருக்கும். ஆகவே ஆறு போகிமான்களையும் காட்டும் தொடக்கத் திரையில் நேரடிப் பனி வகைகளை மட்டும் தேடாதீர்கள். ஐஸி விண்ட் வைத்திருக்கக்கூடியவர் யார் என்றும் பாருங்கள். ஃபிளட்டர் மேன் அப்படிப்பட்ட ஒன்று.

ஸ்கேல் ஷாட் பயன்படுத்துகிறவர்கள் இந்த இடத்தில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அந்த மூவ் வேகத்தை ஒரு படி ஏற்றி, தற்காப்பை ஒரு படி இறக்குகிறது. ஐஸ் ஷார்டு உடல்வழித் தாக்குதல் என்பதால், இறங்கிய அந்தத் தற்காப்பின் மீதுதான் அது வந்து விழும். எதிரணியில் வீவைலோ மாமோஸ்வைனோ உயிரோடு இருக்கும்போது ஸ்கேல் ஷாட்டைத் தொடங்குவது, கதவைத் திறந்து வைத்துவிட்டுத் திருடனை எதிர்பார்ப்பது போன்றது.

பனிக்கு மாற்று மருந்துகள் உண்டு. கையில் கொடுக்கும் யாச்சே பெர்ரி ஒருமுறை அந்த அடியைப் பாதியாக்கும். முழு உயிரோடு இருக்கும்போது விழும் மரண அடியிலிருந்து ஃபோகஸ் சாஷ் ஒருமுறை காப்பாற்றும். ஆனால் களத்தில் எதிராளியின் ஸ்டெல்த் ராக் (உள்ளே வருபவரைக் காயப்படுத்தும் கற்கள்) இருந்தால், உள்ளே வரும்போது கார்சோம்ப் இழக்கும் பதினாறில் ஒரு பங்கு உயிரே சாஷைப் பயனற்றதாக்கிவிடும். எனவே முதலில் இறங்கும் கார்சோம்புக்கு மட்டுமே சாஷ் பொருந்தும். ஸ்கார்லெட், வயலட் விளையாட்டுகளில் ஸ்டீல் வகைக்கு டெராஸ்டலைஸ் செய்தால் (ஆட்டத்தின் நடுவே வகையை மாற்றினால்) பனி அரை மடங்காகச் சுருங்குகிறது. அதற்கொரு விலை இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை: நில வகை போனதும் மின்சாரத்துக்கு இருந்த பாதுகாப்பும் போய்விடுகிறது. அதுவரை சீண்டவே முடியாத தண்டர் வேவ் (முடக்கி வேகத்தைக் குறைக்கும் மின்சார மூவ்) அப்போது வேலை செய்யும். வேகத்தை நம்பி வாழும் போகிமானுக்கு அது பெரிய அடி.

தாக்குதலை இரு மடங்காக்கும் சோர்ட்ஸ் டான்ஸை முதல் சுற்றிலேயே ஆடுவதும் பொதுவான பிழை. ஒரு சுற்று அடிக்காமல் நிற்பதென்றால், அந்தச் சுற்றில் எதிராளி உங்களைத் தொட முடியாத நிலையில் இருக்க வேண்டும். அவருடைய மின்சாரப் போகிமான் உங்கள் எதிரே மாட்டிக்கொண்டு, அதை அவர் வெளியே எடுத்தே ஆக வேண்டிய தருணம்தான் சரியான நேரம். அவர் ஆள் மாற்றும் அந்த ஒரு சுற்று உங்களுக்கு இலவசம். ஸ்டெல்த் ராக் வைப்பதற்கும் இதே கணக்குதான்.

இனி, அவுட்ரேஜ் என்ற டிராகன் மூவ். 120 சக்தி என்பதால் ஆசை வரும். இரண்டு அல்லது மூன்று சுற்று அதிலிருந்து வெளியே வர முடியாது; முடிந்ததும் குழப்பநிலை. 2013இல் டிராகன் அடி படாத ஃபேரி வகை வந்த பிறகு, எதிரணியில் ஒரு ஃபேரி மிச்சம் இருக்கும்போது அவுட்ரேஜைத் தொடங்குவது ஆட்டத்தைக் கையில் எடுத்துக் கொடுப்பதாகும். டோகெக்கிஸ் இன்னும் மோசம். ஃபேரியும் பறக்கும் வகையும் சேர்ந்திருப்பதால் டிராகன், நிலம் இரண்டுமே அதன் மேல் படாது. மூன்றாவதாக ஒரு தாக்குதல் வகை கட்டாயம் வேண்டும்: டோகெக்கிஸுக்கு ஸ்டோன் எட்ஜ் அல்லது பாய்சன் ஜாப், ஸ்டீலும் பறக்கும் வகையும் சேர்ந்த கார்விநைட்டுக்கு ஃபயர் ஃபாங்.

வாஷ் ரோட்டமை எதிரே கண்டால் அங்கேயே நிற்காதீர்கள். மிதக்கவைக்கும் லெவிடேட் திறன் இருப்பதால் எர்த்குவேக் அதைத் தொடாது. அதன் வில்-ஓ-விஸ்ப் பட்டுத் தீக்காயம் ஏற்பட்டால் உங்கள் உடல்வழி அடிகள் பாதியாகிவிடும். டிராகன் மூவால் அடியுங்கள், இல்லையேல் வெளியேறுங்கள்.

இரட்டையர் ஆட்டத்தில் எர்த்குவேக் வேறு மாதிரி நடந்துகொள்கிறது. ஒன்றுக்கு மேற்பட்டவரைத் தாக்கும்போது அதன் சேதம் முக்கால் பங்காகிறது. பக்கத்தில் நிற்கும் உங்கள் கூட்டாளியையும் அது விடாது. பறக்கும் வகையையோ, லெவிடேட் அல்லது டெலிபதி (கூட்டாளியின் அடி படாத திறன்) உள்ள போகிமானையோ இணையாக வையுங்கள். அல்லது அந்தச் சுற்றில் கூட்டாளி புரொடெக்ட் மூவால் தன்னைக் காத்துக்கொள்ளட்டும். ரில்லாபூம் விரிக்கும் கிராஸி டெரெய்ன் (புல்தரை) எர்த்குவேக்கின் சக்தியைப் பாதியாக்கும். இன்சினரோரின் இன்டிமிடேட் திறன் உங்கள் தாக்குதலை மூன்றில் இரண்டு பங்காக்கும். இரண்டும் ஒரே பக்கத்தில் நின்றால் எர்த்குவேக்கை நம்பவே வேண்டாம். இன்னொரு நில வகை மூவான ஸ்டாம்பிங் டான்ட்ரம் கூட்டாளிக்குத் தீங்கு செய்யாது, டெரெய்னும் அதைத் தடுக்காது என்பதை நினைவில் வையுங்கள்.

திறனைப் பொறுத்தவரை ரஃப் ஸ்கின்தான். சாண்ட் வெய்ல் மணற்புயல் இல்லாமல் ஒன்றுமே செய்யாது. ரஃப் ஸ்கின் தொட்டவரிடமிருந்து ஒவ்வொரு முறையும் எட்டில் ஒரு பங்கு உயிரைப் பிடுங்கும். உங்கள் ஸ்டெல்த் ராக்கை ரேபிட் ஸ்பின் என்ற தொட்டு அடிக்கும் மூவால் அகற்ற வருபவரும் அதற்கு விலை கொடுத்தாக வேண்டும்.

மெகா உருவம் (ஆட்டத்தின் நடுவே எடுக்கும் வலுவான உருவம்) அனுமதிக்கப்பட்ட ஆட்டங்களில், அது கிடைத்த உடனே மாறிவிடுகிறார்கள். தாக்குதல் 170 ஆகிறது, சரி. வேகம் 92க்கு இறங்குகிறது. ஜாலியில் அது 158. மறுபடியும் அந்த 167 கூட்டத்துக்குப் பின்னால் போய் நிற்கிறீர்கள். ஏழாம் தலைமுறையிலிருந்து, மாறும் சுற்றிலேயே புதிய வேகம் கணக்கில் வந்துவிடுகிறது. எதிரணியில் 92க்கும் 102க்கும் இடையில் உள்ளவர்கள் விழும்வரை சாதாரண உருவத்திலேயே ஆடுங்கள். மணற்புயல் வீசும்போது மாறினால், மெகா உருவத்தின் சாண்ட் ஃபோர்ஸ் திறன் நில வகை அடிகளை 1.3 மடங்காக்கித் தரும்.