வாகனிங்கனில் வேளாண்மை படிக்க வருகிறவர்களுக்கு

கோவையிலோ அண்ணாமலை நகரிலோ பி.எஸ்சி. வேளாண்மை முடித்துவிட்டு, நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்துக்கு முதுகலை படிக்க வரும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். ஊர் சின்னது. ரயில் நிலையம்கூட ஊருக்குள் இல்லை. ஏட-வாகனிங்கன் நிலையத்தில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். 1918-இல் வேளாண் உயர்கல்லூரி என்ற தகுதி பெற்ற நாளிலிருந்து, இந்த ஊரின் பிழைப்பே மண்ணும் பயிரும் மாடும்தான்.

படிக்க இடம் உறுதியானதும் விமான டிக்கெட்டுக்கு முன்னால் அறையைத் தேடுங்கள். மாணவர் குடியிருப்புகளில் பெரும்பாலானவற்றை இடியாலிஸ் என்ற நிறுவனம் நடத்துகிறது. அதில் உடனே பதிவு செய்துவிடுங்கள். ஆகஸ்ட் மாதம் எல்லோரும் ஒரே நேரத்தில் தேடுவார்கள். தனியாரிடம் எடுப்பதாக இருந்தால், நேரிலோ வீடியோவிலோ பார்க்காமல் முன்பணம் அனுப்பவே அனுப்பாதீர்கள். இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள்: அந்த முகவரியில் நகராட்சிப் பதிவு செய்ய அனுமதி உண்டா? இல்லை என்றால் வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த வீடு வேண்டாம். நகராட்சியில் பதிந்தால்தான் பி.எஸ்.என். என்ற குடியிருப்போர் எண் கிடைக்கும். சம்பளம், மருத்துவக் காப்பீடு எல்லாம் அந்த எண்ணில்தான் நிற்கிறது.

அந்தப் பதிவுக்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்பார்கள். நம் ஊர்ச் சான்றிதழ்கள் பலவற்றில் குழந்தையின் பெயர் என்ற இடமே காலியாக இருக்கும். உங்களுடையதை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். பெயரைப் பதிந்து, பாஸ்போர்ட்டில் இருக்கிற மாதிரியே இனிஷியல் விரிவு பொருந்துகிறதா என்று சரிபார்த்து, வெளிநாட்டில் சான்றிதழ் செல்லுபடியாக நம் அரசு வைக்கும் அப்போஸ்டில் முத்திரையும் வாங்கிக்கொண்டு வாருங்கள். ஊரில் இருக்கும்போது சில வாரங்களில் முடிகிற வேலை. இங்கிருந்துகொண்டு அப்பாவை அலுவலகம் அலுவலகமாக அலையவிடுவது பெரும்பாடு.

வந்ததும் பழைய சைக்கிள் ஒன்று வாங்குங்கள். பல சைக்கிள்களில் கைப்பிடியில் பிரேக் இருக்காது. பெடலைப் பின்பக்கமாக மிதித்தால்தான் நிற்கும். தெருவில் இறங்கும் முன் காலி இடத்தில் பழகிக்கொள்ளுங்கள். முன்னும் பின்னும் விளக்கு கட்டாயம், கையில் போன் பிடித்தபடி ஓட்டினால் அபராதம். பூட்டு இரண்டு வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றி அம்மாவிடம் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். டோக்கோ என்று அழைக்கப்படும் ஆசியக் கடைகளில் அரிசி, பருப்பு, தேங்காய்ப்பால் கிடைக்கும். தென் அமெரிக்காவில் முன்பு டச்சுக் காலனியாக இருந்த சூரினாம் நாட்டுக்காரர்கள் நடத்தும் கடை கண்ணில் பட்டால் விடாதீர்கள். 1873 முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக சூரினாமுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களின் வாரிசுகள் பலர், பின்னாளில் நெதர்லாந்துக்குக் குடிவந்தார்கள். பாகற்காயும் நீளக் காராமணிக்காயும் அந்தக் கடைகளில் சாதாரணமாக இருக்கும்.

படிப்பு வேகமாக ஓடும். முதல் பருவம் எட்டே வாரம்; பெரும்பாலும் காலையில் ஒரு பாடம், மதியம் ஒரு பாடம், கடைசி வாரம் தேர்வு. பத்துக்கு ஆறு தேர்ச்சி, எட்டு என்றால் மிக நன்று. தொண்ணூறு விழுக்காடு வாங்கிப் பழகியவர்கள் முதல் மதிப்பெண்ணைப் பார்த்துக் கலங்குவதைப் பார்த்திருக்கிறேன். ஏழு வாங்கினால் வீட்டுக்குத் தைரியமாகச் சொல்லலாம். பேராசிரியரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். குழு வேலைகளில் நம் பிள்ளைகள் கடைசிவரை பேசாமல் இருந்துவிடுகிறார்கள். மேட்டூர் திறக்கத் தாமதமானால் குறுவை என்னாகும் என்று உங்களுக்குத் தெரியும், பக்கத்தில் இருக்கிற டச்சு மாணவருக்குத் தெரியாது. அதை அங்கே சொல்லுங்கள், தயவுசெய்து சொல்லுங்கள். அவர்களுடைய பாடப்புத்தகத்தில் இல்லாத அறிவு அது.

அப்புறம், வயலுக்குப் போங்கள். நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான். நூலகமும் அறையுமாக இரண்டு வருடத்தை ஓட்டிவிட்டுப் போகிறவர்களை நினைத்தால் எனக்கு மனசே ஆறுவதில்லை. இந்த ஊரைச் சுற்றி அரை நாள் சைக்கிள் மிதித்தால் மூன்று விதமான மண்ணைக் காலால் மிதிக்கலாம். தெற்கே ரைன் ஆற்றங்கரையில் களிமண். கிழக்கே பனியுகத்தில் பனிப்பாளங்கள் தள்ளிக் குவித்த மணல் மேடு. வடக்கே பின்னன்ஃபெல்ட் தாழ்நிலத்தில் முழுதாக மக்காத செடிகொடிகள் படிந்த பீட் மண். கையில் எடுத்துப் பிழிந்தால் பழுப்பு நிறத்தில் தண்ணீர் வடியும், உள்ளே நார் நாராகத் தெரியும். ஒவ்வொரு மண்ணிலும் என்ன நிற்கிறது, வாய்க்கால் எவ்வளவு நெருக்கமாக வெட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். வளாகத்திலேயே உலக மண் அருங்காட்சியகம் இருக்கிறது. பல நாட்டு மண்ணை அடுக்கு கலையாமல் நெடுக்காக வெட்டி எடுத்து நிறுத்தியிருக்கிறார்கள்.

லெக்ஸ்கஸ்வேர் படகில் ரைனைத் தாண்டினால் பேட்டுவே பகுதி, ஆப்பிளும் பேரியும் செர்ரியும் விளைகிற இடம். அங்கே விவசாயிகளோடு பேசிப் பாருங்கள். நைட்ரஜன் என்ற சொல்லே அவர்களைச் சூடாக்கும். மாட்டெருவிலிருந்தும் உரத்திலிருந்தும் அளவுக்கு மீறி வெளியேறி இயற்கைப் பகுதிகளைக் கெடுக்கிற நைட்ரஜன்தான் பிரச்சினை. 2019 மே மாதம் உயர் நிர்வாக நீதிமன்றம் நைட்ரஜனை வெளியேற்றும் பண்ணை, கட்டுமானங்களுக்கு அனுமதி தரும் அரசின் திட்டத்தை ரத்து செய்தது. அக்டோபரில் விவசாயிகளின் டிராக்டர்கள் திரண்டு, நாடாளுமன்றம் இருக்கும் தி ஹேக் நகருக்குப் போயின. அதிக விளைச்சலுக்குக் கொடுத்த விலையை இந்த நாடு இப்போதுதான் கணக்குப் பார்க்கிறது. நாம் இங்கிருந்து நுட்பத்தை மட்டும் எடுத்துப் போனால் போதாது, இந்தக் கணக்கையும் எடுத்துப் போக வேண்டும்.

பகுதிநேர வேலைக்கு வாரம் 16 மணி நேரம், அல்லது ஜூன், ஜூலை, ஆகஸ்டில் முழுநேரம் என்பது விதி. வேலை தருகிறவர் உங்களுக்காக அனுமதி வாங்கியிருக்க வேண்டும். சம்பள வேலையில் சேர்ந்தால் மாணவர் காப்பீடு செல்லாது, டச்சு அடிப்படை மருத்துவக் காப்பீடு எடுத்தாக வேண்டும். பட்டம் முடிந்தபின் வேலை தேட ஓராண்டு அனுமதி உண்டு. முடித்த மூன்று ஆண்டுகளுக்குள் எப்போது வேண்டுமானாலும் அதற்கு விண்ணப்பிக்கலாம். ஊருக்குப் போய் ஒரு சாகுபடி பார்த்துவிட்டுத் திரும்பி வந்தும் கேட்கலாம்.