மீன் கொலாஜன் ஆய்வில் கொழும்பு வெயிலை மறக்காதீர்கள்

பேலியகொடை மீன் சந்தையில் வெட்டி ஒதுக்கும் தோலையும் செதிலையும் பார்த்தால், இழையப் பொறியியல் (உடல் திசுக்களை ஆய்வுகூடத்தில் உருவாக்கும் துறை) படிக்கிற எவருக்கும் கை பரபரக்கும். மாட்டைத் தவிர்க்கும் சைவர்களும் பௌத்தர்களும், பன்றியைத் தொடாத முஸ்லிம்களும் சேர்ந்து வாழும் ஊர் இது. இங்கே மீன் தோலிலிருந்து காயத்துக்கு ஒரு பஞ்சு செய்ய நினைப்பது மிக நல்ல விடயம். அந்த முயற்சி வீணாகப் போவது பெரும்பாலும் வெப்பத்தால்தான்.

அந்தப் பஞ்சுக்கு வேண்டிய தோல் புரதமான கொலாஜன், மூன்று புரத இழைகள் முறுக்கிய கயிறு. அந்த முறுக்கு குலையாமல் இருக்க ஹைட்ராக்ஸிபுரோலின் என்ற அமினோ அமிலம் பெரிதும் உதவுகிறது. குளிர் கடல் மீன்களில் அது குறைவு. அதனால் கொட் மீன் தோலிலிருந்து கரைத்தெடுத்த கொலாஜன் ஏறத்தாழ 15 பாகை செல்சியஸிலேயே முறுக்கு அவிழ்ந்து ஜெலட்டின் ஆகிவிடும். வெப்பக் கடல் மீன்கள் பலவற்றில் இது 30 பாகையை ஒட்டி இருக்கும். நம் உடம்போ 37 பாகை.

வெளிநாட்டுச் செய்முறையில் ‘அறை வெப்பநிலை’ என்று இருந்தால் அது 20, 25 பாகை. கொழும்பில் ஏசி இல்லாத அறை பகலில் 30 பாகையைத் தொடும். அதை அப்படியே பின்பற்றுவதுதான் முதல் தவறு. தோலை 0.1 மோலர் சோடியம் ஹைட்ரொக்சைட்டில் ஊறவைப்பது, 0.5 மோலர் அசிட்டிக் அமிலத்தில் கரைப்பது, உப்புப் போட்டுப் பிரிப்பது, சவ்வு வழியே உப்பையும் அமிலத்தையும் நீக்கும் டயலிசிஸை நாட்கணக்கில் செய்வது எல்லாமே 4 பாகையில் நடக்க வேண்டும். சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜையும் முன்கூட்டியே குளிரவிடுங்கள், பலர் மறப்பது இதைத்தான். 2022இல் நடந்தது போல மணிக்கணக்கில் கரண்ட் போனால் மாதிரியை எந்த ஐஸ் பெட்டிக்கு மாற்றுவது என்பதும் முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். சந்தையிலிருந்து தோலைக் கொண்டுவரும்போதே ஐஸ் வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அப்படியானால் ஐஸ்லாந்தின் கெரெசிஸ் நிறுவனம் கொட் தோலையே காயத்துக்குப் போடுகிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அவர்கள் கொலாஜனைக் கரைத்து எடுப்பதில்லை. கலங்களை மட்டும் நீக்கிவிட்டுத் தோலின் இயற்கையான நார்ப் பின்னலை அப்படியே வைத்திருக்கிறார்கள். அந்தப் பின்னலில் உள்ள குறுக்குப் பிணைப்புகள் வெப்பத்தைத் தாங்க உதவுகின்றன. கரைத்து எடுத்தால் அந்தப் பலம் போய்விடும், பிறகு நாம்தான் பிணைப்பைக் கொடுக்க வேண்டும். அதற்குக் கைக்கு எட்டுகிறதே என்று குளூட்டரால்டிஹைட் என்ற பிணைப்பு வேதிப்பொருளை எடுக்காதீர்கள். மிஞ்சி நிற்கும் எச்சம் கலங்களைக் கொல்லும். அதைவிட இடிசி அல்லது ஜெனிபின் என்ற பிணைப்பு வேதிப்பொருள்கள் மேல். அவற்றையும் நன்றாகக் கழுவத்தான் வேண்டும்.

சரி, கையில் இருப்பது கொலாஜன்தானா? புரதங்களை எடைவாரியாகப் பிரித்துக் காட்டும் எஸ்டிஎஸ் ஜெல்லில் 100 கிலோடால்டன் அருகே பட்டைகள் தெரிந்ததும் மகிழ்ந்துவிடுகிறோம். அந்தச் சோதனையே மாதிரியைச் சூடாக்கி முறுக்கை அவிழ்த்துவிடுகிறது. அதிகம் சிதையாத ஜெலட்டினும் அதே பட்டைகளைக் காட்டும். முறுக்கு இருக்கிறதா என்று அறிய, இடமும் வலமும் சுழலும் ஒளியைப் புரதம் எவ்வளவு வித்தியாசமாக உறிஞ்சுகிறது என்று பார்க்கும் வட்ட இருநிறத்தன்மை அளவீடு வேண்டும், 221 நனோமீற்றர் அருகே நேர் உச்சி தெரிய வேண்டும். கடைகளில் குடிப்பதற்கு விற்கும் கொலாஜன் தூள் சிறு துண்டுகளாக வெட்டப்பட்டது. அதிலிருந்து நார் உருவாகாது. அதை வாங்கி, கலங்கள் பற்றி வளரும் இழையச் சட்டகம் செய்ய முனைவது பணத்துக்கும் நேரத்துக்கும் கேடு.

கிருமிநீக்கத்திலும் இதே கதைதான். நீராவியால் கிருமி கொல்லும் ஆட்டோகிளேவின் 121 பாகை கொலாஜனை ஜெலட்டின் ஆக்கிவிடும். காமாக் கதிர் சங்கிலிகளைத் துண்டிக்கும். எத்திலீன் ஒட்சைட்டு பரவாயில்லை, ஆனால் வாயு எச்சத்தை முழுதாக வெளியேற்ற வேண்டும். கிருமி செத்தாலும் அதன் சுவரிலுள்ள எண்டோடொக்சின் என்ற நச்சு தங்கிவிடும். அதை அளக்காமல் கல வளர்ப்பில் அழற்சியைப் பார்த்துவிட்டு ‘மீன் கொலாஜன் ஒத்துக்கொள்ளவில்லை’ என்று முடிவெழுதுவது அந்தப் பொருளுக்குச் செய்யும் அநியாயம்.

மாட்டுக் கொலாஜனில் உள்ள பைத்திய மாட்டு நோய் அச்சம் இதில் இல்லை என்பதற்காக மீன் எல்லோருக்கும் பாதுகாப்பு என்றும் எழுதிவிடாதீர்கள். மீன் ஒவ்வாமை உள்ள சிலருக்குக் கொலாஜனே ஒவ்வாது. ஆகவே பல மீன்களின் தோலைக் கலக்காமல், ஒவ்வொரு தொகுதியிலும் இனத்தின் பெயரையும் பிடித்த இடத்தையும் எழுதி வையுங்கள். நாளை நோயாளியிடம் மருத்துவர் ‘உங்களுக்கு எந்த மீன் ஒத்துக்கொள்ளாது?’ என்று கேட்கும்போது அந்தக் குறிப்புத்தான் தேவைப்படும்.