உயர்மாடி லாஃப்ட் வீடு வாங்கும் முன்

உயரமான மாடியில் லாஃப்ட் வீடு (உயர்ந்த கூரைக்குக் கீழே, பரண் போல இன்னொரு தளம் வைத்த வீடு) என்றாலே மனசு மயங்கத்தான் செய்யும். இரண்டு ஆள் உயரக் கூரை, சுவர் நிறையக் கண்ணாடி, கீழே விரிந்து கிடக்கும் நகரம். சரி, விலை பேசும்போது முதலில் இதைக் கேளுங்கள்: இதே அளவில், இதே திசை பார்த்த வீடு ஐந்து மாடி கீழே என்ன விலை? அந்த வித்தியாசம்தான் காற்றுக்கும் காட்சிக்கும் நீங்கள் கொடுக்கும் பணம். பக்கத்து மனை காலியாக இருந்தால், அங்கே எவ்வளவு உயரம் கட்ட அனுமதி உண்டு என்றும் விசாரித்துவிடுங்கள்.

அப்புறம், உள்ளே இருக்கும் பரண் தளம். அதையும் சதுர அடிக் கணக்கில் சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள். டேப்பை எடுத்துக்கொண்டு மேலே ஏறுங்கள். நிமிர்ந்து நிற்க முடியாத இடத்துக்கு முழு விலை கொடுக்கவே கூடாது என்பேன். அங்கே படுக்கை போட்டால் தினமும் குனிந்தபடியேதான் போர்வை மடிக்க வேண்டும். சூடான காற்று மேலே ஏறுவதால் புழுக்கமும் அங்கேதான் அதிகம். மதியம் இரண்டு மணிக்குப் போய், பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள், தெரிந்துவிடும்.

கடைசி மாடி என்றால் ஷவரையும் திறந்து பாருங்கள். மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் 10 மீட்டர் இறங்கினால்தான் சுமார் 1 பார் (bar, அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தம் கிடைக்கும். வெறும் 3 மீட்டர் என்றால் நூலாகத்தான் வரும். தனி பம்ப் உண்டா என்று கேளுங்கள். மின்சாரம் போனால் லிஃப்ட் ஜெனரேட்டரில் ஓடுமா என்பதையும்.