‘வாஞ்சேர்’ போர்க்கப்பலின் வரலாற்றை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரெஞ்சுப் புரட்சிக் காலத்துப் பாய்மரப் போர்க்கப்பலான ‘வாஞ்சேர் து பெப்ல்’ குறித்து எழுதுவோர் பலரும், அதன் மாலுமிகள் சரணடைய மறுத்து, ‘குடியரசு வாழ்க’ என முழங்கியபடி ஒருவர்விடாமல் கடலில் மூழ்கினார்கள் என்றே எழுதிவிடுகிறார்கள். இது உண்மையன்று.

1794 ஜூன் 1 அன்று, பிரான்சின் மேற்குக் கரையையொட்டிய உஷான் தீவுக்கு மேற்கே நடுக்கடலில், பிரிட்டனின் ‘பிரன்ஸ்விக்’ கப்பலின் நங்கூரங்களில் வாஞ்சேர் சிக்கிக்கொள்ள, இரண்டும் பக்கத்தோடு பக்கம் ஒட்டிய நிலையில் மணிக்கணக்கில் போரிட்டன. பீரங்கிச் சாளரங்களைத் திறக்கவும் இடமின்றி, பிரன்ஸ்விக் தன் கதவுகளைத் தானே சுட்டுத் தகர்த்தது. அதன் தலைவர் ஜான் ஹார்வி பின்னர் காயங்களால் இறந்தார். பாய்மரங்களை இழந்து நீர் புகுந்த வாஞ்சேர் சரணடைந்தது. ‘ஆல்ஃபிரட்’, ‘கல்லோடன்’, ‘ராட்லர்’ ஆகிய பிரிட்டிஷ் கப்பல்களின் படகுகள் நூற்றுக்கணக்கானோரைக் காப்பாற்றின. படகுகளில் இடம் கிடைக்காதவர்களும் காயம்பட்டோர் பலரும் கப்பலுடன் மூழ்கினர்.

ஜூலை 9 அன்று புரட்சி அரசின் தலைவர்களுள் ஒருவரான பரேர், அனைவரும் மூழ்கினார்கள் என்ற அந்த வீரகாவியத்தைப் பிரெஞ்சுத் தேசியப் பேரவையில் உரைத்தபோது, கப்பலின் தலைவர் ரெனோதன் இங்கிலாந்தில் கைதியாக உயிரோடிருந்தார். இந்த ஒரு செய்தியே கதையைச் சந்தேகிக்கப் போதுமானது. ஆயினும் அது பரவியது. 1837இல் பிரிட்டிஷ் எழுத்தாளர் கார்லைலும் தம் பிரெஞ்சுப் புரட்சி வரலாற்றில் அதை ஏற்று எழுதினார். போரின்போது கல்லோடனில் பணியாற்றிய கிரிஃபித்ஸ் என்ற கடற்படை அதிகாரி மறுத்த பின்னரே கார்லைல் அதைத் தீவிரமாக ஆராய்ந்தார்.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு: எல்லாமே கட்டுக்கதை என்று ஒதுக்கிவிடுவது. கப்பலில் எஞ்சிய சிலர் கடைசியில் குடியரசை வாழ்த்திக் குரலெழுப்பியதாக ரெனோதனும் அவருடைய அதிகாரிகளும் சிறையிலிருந்து எழுதிய அறிக்கையே கூறுகிறது. கைவிடப்பட்ட நிலையிலும் எழுந்த அந்தக் குரலை, பரேரின் மிகைப்படுத்தலைக் காரணம் காட்டி அழித்துவிடுவது இறந்தவர்களுக்கு நாம் செய்யும் அநீதியாகும்.

கப்பலைப் புரட்சியின் படைப்பாகக் கருதுவதும் பிழை. மார்செய் வணிகர்களின் நன்கொடையில், பதினைந்தாம் லூயி காலத்தில், தூலோனில் உருவாகி 1766இல் நீரில் இறங்கிய 74 பீரங்கிக் கப்பல் இது. 1781இல் அமெரிக்கக் கரையோரம் நடந்த செசபீக் கடற்போரிலும் கலந்துகொண்டது. இப்பெயர் அதற்குக் கிடைத்தது 1794இல்தான். தமிழ் வாசகர்கள் இன்னொன்றிலும் விழிப்பாக இருக்க வேண்டும்: 1782இல் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரேனின் படையில் நம் கடற்கரையோரம் போரிட்ட ‘வாஞ்சேர்’ 64 பீரங்கிகள் கொண்ட வேறொரு கப்பல்.

அன்றைய போரின் முடிவையும் ஒற்றைச் சொல்லில் எழுத இயலாது. பிரெஞ்சுப் படை வாஞ்சேரை இழந்ததோடு, மேலும் ஆறு கப்பல்களை எதிரியிடம் பறிகொடுத்தது. எனினும் அப்படை எதைக் காக்கப் புறப்பட்டதோ, அமெரிக்காவிலிருந்து வந்த அந்தத் தானியக் கப்பல்கள் பசியில் வாடிய பிரான்சின் பிரெஸ்ட் துறைமுகத்தைச் சேதமின்றி அடைந்தன.