சூது மணக்காது: வீட்டில எப்பிடிக் கண்டுபிடிக்கிறது, கிளினிக்கில என்ன கேக்கிறது

குடிச்சுப்போட்டு வந்தால் படலையடியிலயே மணக்கும், ஆனா போனில பெட் கட்டுற பிள்ளை பக்கத்தில இருந்து புட்டுச் சாப்பிட்டாலும் ஒண்டும் தெரியாது. எங்கட சொந்தத்துக்குள்ள ஒரு பெடியன், தாய் அடைவு வைக்கக் காப்பைத் தேடேக்கதான் விசயம் வெளிய வந்தது. அதுக்கு முன்னம் ஒரு வருஷமா நித்திரை இல்லை வயிறு எரியுது எண்டு ஒரு கிளினிக்குக்குப் போய்வந்தவன், ஒருத்தரும் அவனிட்டக் காசைப் பற்றிக் கேக்கேல்ல.

வாசிகசாலையடியில சும்மா 304 எண்ட சீட்டு விளையாடுறதும் எப்பவாவது ஒரு லொத்தர் டிக்கெட் எடுக்கிறதும் வருத்தம் இல்லை. விட்ட காசைப் பிடிக்கத் திரும்பத் திரும்பப் போறது, பொய், கடன், நிப்பாட்டப் பாத்தால் எரிச்சல், இதுகள் சேரேக்கதான் கவனம். இதைக் கெட்ட பழக்கம், வளர்ப்புப் பிழை எண்டு கதைக்காதேங்கோ. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013 இல இதைப் போதைக்கு அடிமையாகிற வருத்தங்களோட சேர்த்தது, உலக சுகாதார நிறுவனத்தின்ர பட்டியலிலயும் இருக்கு. ஒரு நம்பரால தவறினால் கூட மூளை அதைக் கிட்டத்தட்ட வெண்ட மாதிரித்தான் எடுக்கும், அதாலதான் தோத்தவர் எழும்பி வாறேல்ல.

கிளினிக்கில கேக்க ரெண்டு கேள்வி போதும். "வரவரக் கூடின காசு கட்டவேணும் போல இருந்ததோ?" "எவ்வளவு விளையாடினீங்கள் எண்டு வீட்டில பொய் சொல்ல வேண்டி வந்ததோ?" ஒண்டுக்கு ஓம் எண்டாலும் மேற்கொண்டு கதைக்கவேணும். நித்திரை இல்லை, மனச்சோர்வு, குடி எண்டு வாற எல்லாரிட்டயும் இதைக் கேக்கலாம், ஒரு நிமிஷம் கூடப் போகாது. பார்க்கின்சன் வருத்தத்துக்கு பிரமிபெக்சோல் மாதிரி மருந்து எடுக்கிற ஐயாமாரிட்டயும் கட்டாயம் கேளுங்கோ, அந்த மருந்தாலயே சிலருக்குச் சூது வெறி வரும். இங்கிலாந்தில அரச சுகாதார சேவை 2008 இலயே லண்டனில இதுக்கெண்டு தனி கிளினிக் திறந்தது. எங்களுக்குத் தனிக் கட்டடம் வேண்டாம், இருக்கிற கிளினிக்கில கேட்டாலே பாதி வேலை முடிஞ்சிடும்.

வீட்டுக்காரருக்கு: கத்தாதேங்கோ. வெளிநாட்டில இருக்கிற அண்ணையிட்டக் காசு எடுத்துக் கடனை அடைக்கச் சொல்லி விளையாடுறவரின்ர கையில குடுக்காதேங்கோ, அது அடுத்த பெட்டுக்குப் போயிடும். முழுக் கடனையும் ஒரு கொப்பியில எழுதுங்கோ, குடுக்கிறதெண்டால் கடன்காரரிட்ட நேர குடுங்கோ, பாங்க் கார்ட்டைக் கொஞ்சக் காலத்துக்கு வேற ஆள் வச்சிருக்கட்டும்.

பயமா இருந்தாலும் "சாகவேணும் போல இருக்கோ" எண்டு கேளுங்கோ, கேட்டதால ஒருத்தரும் சாகமாட்டினம், கேக்காமல் விடுறதுதான் ஆபத்து. ஓம் எண்டால் தனிய விடாதேங்கோ, உடன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கோ. இலங்கையில 1926 எண்டு அடிச்சால் தேசிய மனநல உதவிச் சேவையோட கதைக்கலாம். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலயும் தெல்லிப்பழை ஆஸ்பத்திரியிலயும் மனநலப் பிரிவு இருக்கு. இதுக்கு ஆற்றுப்படுத்தல் நல்லா உதவும், சிலருக்கு நால்ட்ரெக்சோன் எண்ட மருந்தும் குடுப்பினம்.

டொக்டர் கேக்காட்டி நீங்களாச் சொல்லுங்கோ. நித்திரை வருதில்லை எண்டு மட்டும் சொல்லிப்போட்டு வராதேங்கோ, காசு கட்டி விளையாடுறன் எண்டதையும் சொல்லுங்கோ.