துபாயில் அசல் எகிப்துச் சாப்பாட்டுக் கடையைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஹட்டனிலிருந்து துபாய்க்கு வேலைக்குப் போகும் தம்பிமாருக்காக எழுதுகிறேன். ஆறு வருஷம் அங்கே சமையலறையில் நின்றவன் நான். பெயர்ப்பலகையில் பிரமிட் படம் இருந்தால் மட்டும் நம்பிவிடாதீர்கள். முதலில் ஒரு தாமியா, அதாவது எகிப்து பருப்பு வடை, வாங்கிப் பிட்டுப் பாருங்கள். எகிப்துக்காரர்கள் அதைக் கொண்டைக்கடலையில் செய்வதில்லை. ஃபாவா அவரைப் பருப்பை ஊறவைத்து, மல்லித்தழை, வெங்காயம், பூண்டு சேர்த்து அரைப்பார்கள். மேலே மொறுமொறுப்பு, உள்ளே நம் தேயிலைக் கொழுந்து மாதிரிப் பச்சை. அப்புறம் கொஷாரி: சோறு, பருப்பு, மக்கரோனி, கொண்டைக்கடலை, தக்காளிக் குழம்பு, மேலே சிவக்கப் பொரித்த வெங்காயம். பூண்டு வினிகரைக் கேட்காமலே வைத்தால் நல்ல கடை. விடுமுறை நாள் காலையில் எகிப்துக் குடும்பங்கள் ஃபூல், அதாவது வேகவைத்து மசித்த ஃபாவா அவரை, சாப்பிட வருகிறார்களா? சரி, யோசிக்காமல் உள்ளே போங்கள்.